மச்சான் கிடைத்திருக்கிறான்

ஒரு காற்சட்டைக்கு நாலு தடவை அளவெடுத்த தையல்காரனை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியில், நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அச்சுக்கூடத்துக்கு இரண்டு கடை தள்ளி அவன் கடை. பெயர் மர்ஸூக். அந்த நாலு தடவையும் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸும் டிராமும் மாறி ஏறி, சலிக்காமல் வந்து இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்ற மடையன் சவுந்தரநாயகம். இது அவனுடைய கதை. அவன் பெரிய மனிதன் இல்லை, அரசாங்கக் கந்தோரில் ஒரு கிளாக்கர். அவனைப் பற்றி வேறு எவனும் எழுதப்போவதில்லை. ஆகவே அழகுமுத்துவாகிய நானே எழுதித் தொலைக்கிறேன்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது நாற்பத்திரண்டாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு காலையில். கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் கோயிலில் பூசை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து கோட்டை ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. பெண்சாதி பிள்ளைகளையெல்லாம் ஊருக்கு ஏற்றிவிட்டு ஆண்கள் மட்டும் வேலைக்காகத் தங்கினார்கள். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரனையும் வைத்துக்கொண்டு இருப்பார்கள். அதற்குச் சம்மரி என்று பெயர். குண்டு விழுந்த பிறகு வெள்ளவத்தை முழுவதுமே ஒரு பெரிய சம்மரி ஆகிவிட்டது. துறைமுகத்திலும் காலிமுகத்திலும் எந்தெந்தத் தேசத்துச் சிப்பாய்களோ, மாலுமிகளோ! எங்கே திரும்பினாலும் ஆண்கள்.

பயமாக இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். பயம்தான். ஆனால் ஏன் பொய் சொல்ல வேண்டும்? எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மூன்று வருஷம் மாதிரி ஒரு காலம் பிறகு வரவேயில்லை. எங்களைப் போன்றவர்கள் என்றால், ஆண்களை விரும்பும் ஆண்கள். எனக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. இனி எவன் என்னை என்ன செய்துவிடப்போகிறான்? பச்சையாகவே சொல்கிறேன்.

மர்ஸூக்கின் கடைக்கு மேலே ஒரு மாடி அறை இருந்தது. விமானம் வந்தால் வெளிச்சம் தெரியக்கூடாது என்று எல்லாச் சன்னலுக்கும் கறுப்புத் துணி போடச் சொல்லி அரசாங்கம் கட்டளை போட்டது. ஆகா, என்ன கட்டளை! எங்கள் சன்னலை மூடச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போடும் என்று கனவிலாவது நினைத்திருப்போமா? மர்ஸூக் இரட்டைத் துணி வைத்துத் தைத்துப் போட்டான். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குக் கூடுவோம், டிராம் ஓடி முடிவதற்குள் கலைந்துவிடுவோம். எட்டுப் பத்துப் பேர் இருப்போம். ரயில்வேயில் வேலை செய்த, ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிப் பையன் கிராமபோனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவான். களனியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருவார், ஆடத் தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது. மர்ஸூக் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டலாப்பம் அவித்து வைத்திருப்பான். யாராவது கேட்டால் கரம் விளையாடும் கிளப் என்று சொல்லுவோம். கரம் போர்டும் இருந்தது. அதில் சிவப்புக் காய் தொலைந்து ஒரு வருஷமாகியும் எங்களில் ஒருவனுக்கும் அது தெரியாது.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் மச்சான் என்ற சொல் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் போடுவார்கள். தமிழன், சிங்களவன், முஸ்லிம், பறங்கி, யாரும் யாரையும் மச்சான் என்று கூப்பிடலாம். அதனால்தான் நாங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம். மாடியில் சும்மா ஒருவனை மச்சான் என்று கூப்பிடக்கூடாது. சிங்களத்தில் அய்யே, மல்லி என்று அண்ணன் தம்பி முறை, தமிழில் தம்பி, எதையும் சொல்லிக்கொள்ளலாம். மச்சான் என்றால் ஒருவனுக்கு ஒருவன்தான். "அவன் யாருடைய மச்சான்?" என்று பஸ்ஸில் பொலிஸ்காரனுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாலும் அவனுக்கு ஒன்றும் விளங்காது. விளங்கினால் எங்களுக்கு வேலை போய்விடும், மறியல் வீட்டில் கம்பியும் எண்ண வேண்டும்.

சவுந்தரநாயகத்தை அந்தக் கடைக்கு அனுப்பியதே நான்தான். விமானத் தாக்குதல் காவற்படையில் சேர்ந்திருந்தான். அவர்கள் கொடுத்த காக்கிக் காற்சட்டைக்குள் அவனைப் போல இரண்டு பேர் போகலாம். வேறு துணி எடுத்துத் தைப்போம் என்று போனவன்தான், ஒரு மாதம் அளவு கொடுத்துக்கொண்டேயிருந்தான். நாலாவது தடவை நான் வாசலில் நின்றேன். மர்ஸூக் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, நாடாவை இடுப்பில் சுற்றிவிட்டு, இன்னும் ஒருக்கா வரச் சொன்னான்.

"காற்சட்டை தைக்கிறியளோ, கப்பல் கட்டுறியளோ?" என்று சவுந்தரநாயகம் வெடித்தான்.

மர்ஸூக் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். "காற்சட்ட போன கிழமையே முடிஞ்சி. தந்தா நீங்க வாறது நிண்டு போயிரும். அதுதான் தரல்ல."

அடடா! சவுந்தரநாயகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோபப்படத் தொடங்கின வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் நைசாக நழுவினேன். அடுத்த ஞாயிறு அவன் புதுக் காற்சட்டையோடு மாடிக்கு வந்தான். நாங்கள் எல்லோரும் அவனை நாயகம் என்று கூப்பிட, மர்ஸூக் மட்டும் மாட்டேன் என்றுவிட்டான். அந்தப் பெயர் தங்கள் வாயில் நபிக்குரியது என்று சொல்லி, சவுந்தரம் என்று கூப்பிட்டான். பெண்பிள்ளைப் பெயர் என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனோ அந்தப் பெயரைக் கேட்டு உருகினான்.

அந்த வருஷம் முழுக்க அவனுக்குக் கால் தரையில் படவில்லை. விடிந்தால் கல்கிசைக்கு ரயிலேறிக் கடலில் குளிப்பு, பின்னேரம் காலிமுகத்தில் நடை, ஞாயிற்றுக்கிழமை மாடி. அரிசிக் கூப்பனுக்கும் துணிக் கூப்பனுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நிற்க வேண்டும். ஊரே சிடுசிடுத்துக்கொண்டிருக்கிறது, இவன் பாண் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருக்கிறான்! சந்தோஷம் முற்றினால் மனிதனுக்கு வாய் நிற்காது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இந்த மடையன் யாரிடம் சொன்னான் தெரியுமா? யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருந்த தகப்பனுக்குக் கடிதம் எழுதினான்.

எழுதியதை மாடியில் நின்று எங்களுக்கு வாசித்தும் காட்டினான். "எனக்கு இங்கே ஒரு நல்ல மச்சான் கிடைத்திருக்கிறான். தங்கமான குணம். குடி, சூது ஒன்றும் இல்லை. இனி என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்." எல்லோரும் கை தட்டினோம். சொந்தத் தொழில் செய்கிறவன் என்பதையும் சேர் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிற அச்சுக்கோப்பாளன் நான், எனக்கே உறைக்கவில்லை. எங்களில் இன்னொரு யாழ்ப்பாணத்தான் ஸ்ரீஸ்கந்தராசா, தபாற்கந்தோர்க்காரன். அவன் அன்றைக்கு இருந்திருந்தால் கடிதத்தைப் பறித்துக் கிழித்திருப்பான். அந்த ஞாயிறு பார்த்து அவனுக்கு டியூட்டி.

இரண்டு கிழமை கழித்து ஞாயிறன்று தகப்பனின் தந்தி வந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டே மாடிக்கு வந்தான். மச்சான் செய்தி அறிந்து பெருமகிழ்ச்சி, போர்க்காலத்தில் அவரால் தொழிலை விட்டு வர முடியாது, நானும் நேசமலரும் வெள்ளி காலை வருகிறோம்.

சவுந்தரநாயகம் வாசித்துக் காட்டிவிட்டுப் படியிலேயே குந்திவிட்டான். "ஐயோ, ஐயா தங்கச்சிக்கெண்டு நினைச்சிட்டார்!"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கொழும்பில் மச்சான் என்றால் கூட்டாளி. யாழ்ப்பாணத்தில் ஒரு அண்ணன்காரன் எனக்கு மச்சான் கிடைத்திருக்கிறான் என்று எழுதினால், என் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று அர்த்தம். அதுவும் அந்தத் தகப்பன் தில்லைநாதர் மூன்று வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும், "நேசமலருக்கு அங்கே ஒரு வரன் பார்" என்று எழுதிக்கொண்டிருந்தவர். அவளுக்கு இருபத்தேழு வயது. பொருத்தம் பேசிக் குழம்பினது இரண்டு தடவை. பிறகு கிழவர் வேறு எப்படி நினைப்பார்?

அன்றைக்கு மாடியில் நடந்த அமளியைச் சொல்லி முடியாது. மாப்பிள்ளை கடலில் விழுந்து செத்துப்போனான் என்று சொல்லுவோமா என்றான் ஒருவன். சிங்கப்பூருக்குப் போனான் என்றான் இன்னொருவன். அங்கே ஜப்பான்காரன் இருக்கிறானடா, எந்தக் கப்பலில் போவான் என்று நான் சத்தம் போட்டேன். இந்தக் கூச்சலுக்கு நடுவே ஸ்ரீஸ்கந்தராசா எழும்பினான்.

"நான் கட்டுறன்," என்றான்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? எனக்கும் வீட்டிலை நெருக்கிறாங்கள். ஒருத்தியைக் கட்டத்தானே வேணும்? நாயகத்தின்ரை தங்கச்சியெண்டால் நல்லதுதானே. எல்லாருக்கும் பாதுகாப்பு."

கூரை பறந்துவிட்டது போங்கள்! அவனைக் கட்டிப்பிடித்தார்கள், தூக்கினார்கள், கிராமபோனை முடுக்கிவிட்டார்கள். நானும் விசிலடித்தேன், மறைக்கவில்லை. சவுந்தரநாயகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மர்ஸூக் ஒருவன்தான் மூலையில் இருந்தபடியே கேட்டான்.

"அந்தப் புள்ளக்கிட்ட ஆராவது கேட்டீங்களா?"

"நீங்கள் சும்மா இருங்கோ," என்று சவுந்தரநாயகம் சீறினான். அவன் மர்ஸூக்கிடம் அப்படிச் சீறினது அதுதான் முதல் தடவை. மர்ஸூக் வட்டலாப்பத் தட்டுகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை தகப்பனும் மகளும் வந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். சனி பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராசா பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்தான். கிழவருக்கு ஒரே புளுகம், சிரித்த வாய் மூடவில்லை. அரசாங்கச் சம்பளம், பென்ஷன், நல்ல நிறம், சாதகமும் பொருந்துகிறது! சொந்தத் தொழில் என்று எழுதியிருந்தாயே என்று மகனைக் கேட்டார். தபால் வேலை சொந்தத் தொழில் மாதிரித்தான் ஐயா என்று அவன் உளறினான். கிழவர் இருந்த சந்தோஷத்தில் அதையும் நம்பினார். சவுந்தரநாயகத்தின் சிநேகிதன் என்று நானும் போயிருந்தேன். நேசமலர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். உயரமான பெண், அண்ணனைப் போலவே மூக்கு. குனிந்துகொண்டு நிற்கவில்லை, மாப்பிள்ளையை நேராகவே பார்த்தாள்.

கிழவரும் மாப்பிள்ளையும் கதைத்துக்கொண்டிருக்க, கடல் பார்க்க வேண்டும் என்றாள். நாங்கள் மூன்று பேரும் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். நான் நாலடி பின்னால் நடந்தேன். காதில் எல்லாம் விழுந்தது.

"அண்ணை, அவர் என்ரை முகத்தைப் பாக்கவேயில்லை. கூச்சமோ?"

"ஓம்."

"எனக்கு அது பிடிச்சிருக்கு. உன்ரை கடிதம் வந்த அண்டைக்குத்தான் நான் எத்தினையோ மாசத்துக்குப் பிறகு நிம்மதியா நித்திரை கொண்டனான். குசினிக்குள்ளை நிண்டு தனியச் சிரிச்சனான், தெரியுமோ? விசரிக்கு என்ன நடந்தது எண்டு மாமி கேட்டவ."

அவள் துள்ளாத குறை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கி நின்றாள். சவுந்தரநாயகம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை நான் அவனிடம் கண்டதில்லை. சொல்லாதேடா என்று தலையை ஆட்டினேன். எனக்கு என் நண்பனும் மாடியும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் எனக்கு யார்?

அவன் சொல்லிவிட்டான்.

"நேசம், நான் மச்சான் எண்டு எழுதினது உனக்கில்லை. எனக்கு."

"எனக்கு விளங்கேல்லை."

"ஒரு பொம்பிளை தன்ரை புருசனை எப்பிடி நினைப்பாளோ, அப்பிடி நான் ஒருத்தரோடை இருக்கிறன். ஆம்பிளை. அதைத்தான் சந்தோசத்திலை எழுதிப்போட்டன். ஐயா பிழையா விளங்கிக்கொண்டார்."

அவள் தண்ணீரிலிருந்து கரைக்கு வந்தாள். "அப்ப அங்கை இருக்கிறவர்?"

"அவரும் என்னைப் போலைதான். எங்களைக் காப்பாத்த உன்னைக் கட்டுறன் எண்டவர். நானும் ஓம் எண்டிட்டன்."

அவள் கையில் குடை இருந்தது. அம்மாடி, அந்தக் குடையால் எடுத்தாளே ஒரு அடி! தோளில் ஒன்று, முதுகில் இரண்டு. தடுக்கப் போன எனக்கும் முழங்கையில் ஒன்று விழுந்தது. நீந்திக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். குடைக்கம்பி வளைந்தபிறகுதான் நிறுத்தினாள். பிறகு ஒரு கல்லில் குந்தி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் கிட்டப் போகத் துணியாமல் நின்றான். ஒரு ரயில் போனது. இன்னொரு ரயிலும் போனது.

"ஆர் அவர்?" என்று கேட்டாள்.

"மர்ஸூக். கொட்டாஞ்சேனையிலை தையல் கடை."

"சோனகரோ?"

"ஓம்."

"உன்னை நல்லாப் பாக்கிறாரோ?"

"ஓம். உன்னட்டைக் கேக்காமல் இதைச் செய்யாதேங்கோ எண்டு சொன்னது அவர் ஒருத்தர்தான்."

அவள் வளைந்த குடையை மடியில் வைத்தாள். பிறகு மூக்கைத் துடைத்தாள். "அண்ணை கட்டினது எண்டால் எனக்கு அவர் மச்சான் இல்லை. அண்ணையின்ரை பெண்சாதி மச்சாள் முறையெல்லோ?" என்றாள். சொல்லிவிட்டு அழுகையோடு சிரிப்பும் வந்து, இரண்டும் கலந்து, விக்கல் எடுத்துவிட்டது. நான் ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை தகப்பனிடம் போய், எனக்கு மாப்பிள்ளை பிடிக்கேல்லை என்றாள்.

"என்ன பிடிக்கேல்லை?" என்று கிழவர் குதித்தார்.

"முழி பிடிக்கேல்லை."

"முழியோ! இருபத்தேழு வயதிலை உனக்கு முழி பாக்கக் கேக்குதோ? இதோடை சரி. இனி உனக்கு நான் மாப்பிள்ளை பாத்தால் என்ரை பேரை மாத்திக் கூப்பிடு!"

"ஓம் ஐயா," என்றாள் அவள். கிழவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஸ்ரீஸ்கந்தராசா அடுத்த ஆவணியில் வேறொரு பெண்ணைக் கட்டினான். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம், செட்டியார் தெருவில் காப்புப் பார்க்கப் போகிறோம் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு, அண்ணனை இழுத்துக்கொண்டு அவள் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். கடையில் நானும், சீருடைக்குக் காத்திருந்த இரண்டு கடற்படைக்காரர்களும் இருந்தோம். மர்ஸூக் மெஷினில் இருந்தான். நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"மச்சாள், நான் நேசமலர்."

மெஷின் நின்றுவிட்டது. மர்ஸூக் அவளைப் பார்த்தான், சவுந்தரநாயகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது மனிதனுக்கு. "வாங்க தங்கச்சி, இரிங்க, இரிங்க," என்று தன்னுடைய கதிரையையே தூக்கிக் கொடுத்துவிட்டு, எதில் இருப்பது என்று தெரியாமல் துணிக் கட்டின்மேல் இருந்தான். வளைந்த குடையைக் கேட்டு வாங்கிக் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தான். நான் அச்சுக்கூடத்துக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பைத்தியம்போலக் குதித்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஆனால் அவள் தெய்வம் இல்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை கோட்டை ஸ்டேஷனில், தகப்பன் இடம் பிடிக்கப் பெட்டிக்குள் ஏறிய பிறகு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தமையனிடம் சொன்னாள்.

"உன்ரை மச்சாளிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. உன்னைத்தான் நான் மன்னிக்கேல்லை."

"நான் சொன்னனான்தானே, நேசம்."

"எல்லாத்தையும் பேசி முடிச்சுப்போட்டுச் சொன்னனி."

வண்டி போய்விட்டது. அவன் மேடையிலேயே நின்றான்.

ஊருக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சராகச் சேர்ந்தாள். மாதம் தவறாமல் கடிதம் வந்தது, ஆனால் தமையனுக்கு இல்லை. மர்ஸூக்கின் கடை விலாசத்துக்கு, "அன்புள்ள மச்சாளுக்கு" என்று தொடங்கி, பள்ளிக்கூடம், மழை, தகப்பனின் இருமல் எல்லாம் எழுதுவாள். மர்ஸூக் அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத் தமிழ்தான் படித்தவன், எங்கள் எழுத்து அவனுக்கு வாசிக்க வராது. ஆகவே சவுந்தரநாயகம்தான் ஒவ்வொரு கடிதத்தையும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். தனக்கு ஒரு சொல்லும் இல்லாத கடிதத்தை! வாசித்து முடித்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான். அங்கேயும் இருக்காது. இரண்டு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. அவன் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பல நாள் மாடியில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் கரம் போர்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பான்.

நாற்பத்தைந்தாம் ஆண்டு ஆகஸ்டில் சண்டை முடிந்தது. ஐயோ, அந்த நாள்! துறைமுகத்தில் நின்ற கப்பல் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதின. ஜம்பட்டா வீதியில் சிப்பாய்கள் டிராமின் கூரையில் ஏறி நின்று ஆடினார்கள். நாங்கள் பகலிலேயே மாடியில் கூடி, கிராமபோனை அலறவிட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஆரவாரத்துக்குள் தபால்காரன் வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். மர்ஸூக் கிராமபோனை நிறுத்தச் சொன்னான்.

சவுந்தரநாயகம் வாசித்தான். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் கற்கண்டு கொடுத்தார்களாம், ஐயாவின் இருமல் தேவலையாம். கடைசி வரிக்கு வந்ததும் அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"மிச்சத்தப் படிங்களேன்," என்றான் மர்ஸூக்.

அவன் தாளை என்னிடம் நீட்டினான். நான் தாளை வாங்கி வாசித்தேன். எல்லாக் கடிதத்திலும் எல்லோரும் எழுதுகிற சாதாரண வரிதான். "அண்ணையையும் சுகம் கேட்டதாகச் சொல்லவும்."

மர்ஸூக் எழும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவன் முன்னால் போய் நின்றான். "சவுந்தரம், ஒங்கட தங்கச்சி ஒங்கள சுகம் கேட்டதாச் சொல்லச் சொன்னா," என்றான்.

"நான் சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு, சவுந்தரநாயகம் எங்கள் எல்லோருக்கும் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதான்.